ஹம்லெற்றின் நண்பர்கள்

ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஹம்லெற்' பழிவாங்கலின் அவலநாடகமாகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளது. நட்பின் மெய்யும் பொய்யும் பற்றிய விசாரணையொன்றும் அதனுள் அடங்கியுள்ளமை நோக்கத்தக்கது.

ஹம்லெற்றிடம் நண்பர் மூவர் வருகின்றனர். விற்றன்பேர்க்கில் உடன்பயின்ற ஹொறேஷியோ, இறந்த மன்னனின் இறுதிச்சடங்கின் பொருட்டுத் தானாகவே எல்சினோருக்கு வந்தவன். றொசன்கிறான்ற்ஸும் கில்டன்ஸ்ரேர்னும் இளமை தொட்டு ஹம்லெற்றோடு வளர்ந்தவர்கள். ஆயினும் மன்னன் குளோடியஸ் அழைத்தமையாலேயே வந்தவர்கள். இளவரசனின் உள்ளத்தை அறிந்து கூறுவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அரசனுக்குத் தக்க கைம்மாறு கிடைக்குமென அரசியும் வாக்களிக்கின்றாள். அழைக்கப்பட்டா வந்தீர்கள் என ஹம்லெற் வினவும்போது அவர்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்திலேயே பழைய நட்பு முறிந்துவிடுகின்றது.

இவ்விருவரையும் கொடியவர் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லும் கடிதம் ஹம்லெற்றைக் கொல்லுமாறு பணிப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தமைக்கு நாடகத்தில் ஆதாரமில்லை. அரச கட்டளையையும் நண்பனின் நலனையும் ஒன்றெனக் கொண்டமையே அவர்களின் குற்றம். போலி நட்புப் பகைமையினால் மட்டுமன்றி, அதிகாரத்துக்குப் பணிவதனாலும் தோன்றலாம். 1966இல் மேடையேறிய ரொம் ஸ்ரொப்பாட்டின் நாடகம் இவ்விருவரையும் தலைமைப் பாத்திரங்களாக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

ஹொறேஷியோவிடம் செல்வமில்லை. வறியவனை முகமன் கூறிப் புகழ்வதால் யாது பயன் என ஹம்லெற்றே கேட்கின்றான். உள்நாடகம் நிகழும்போது மன்னனின் முகத்தை அவதானிக்கும் பொறுப்பும் ஹொறேஷியோவுக்கே வாய்க்கின்றது. அவர்கள் மன்னனுக்காக நண்பனை வேவு பார்க்கின்றனர். இவன் நண்பனுக்காக மன்னனை நோக்குகின்றான்.

எனினும், ஹம்லெற்றும் குற்றமற்றவனல்லன். கடிதத்தை மாற்றியெழுதித் தன் பழைய தோழர் இருவரையும் மரணத்துக்கு அனுப்புகின்றான். அதனைக் கேட்ட ஹொறேஷியோ அவனைப் புகழவுமில்லை, பழிக்கவுமில்லை; அவர்கள் சாவை நோக்கிச் செல்கின்றனரா என்ற அளவிலேயே பேசுகின்றான். உடனே ஹம்லெற் தன் செயலுக்கு நியாயம் கூற முற்படுகின்றான். மெய்ந்நண்பனின் சுருங்கிய சொல்லே அவனைத் தன் மனச்சாட்சியின் முன் நிறுத்துகின்றது எனலாம்.

இறுதியில் எஞ்சிய நஞ்சை அருந்தத் துணியும் ஹொறேஷியோவை ஹம்லெற் தடுத்து, தன் கதையை உலகுக்கு உரைக்குமாறு வேண்டுகின்றான். நண்பனோடு இறத்தலிலும், அவனைப் பற்றிய உண்மையைக் கூறுவதற்காக வாழ்தலே கடினமானது. அக்கடமையை ஏற்பதிலேயே ஹொறேஷியோவின் நட்பு முழுமை பெறுகின்றது.