சூட்டை மேலே ஏற்றி வெளியே அனுப்பும் கூரை

திருமங்கலத்துச் சித்திரை வெயிலில் கான்கிரீட் வீடுகள் நள்ளிரவிலும் ஆறுவதில்லை. பக்கத்திலேயே கட்டைக்குத்து ஒட்டுப் போட்ட பழைய வீட்டில் மத்தியானம் நன்றாகத் தூங்கலாம். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் வரிசை பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. மேலே தட்டோடு. சில ஊர்களில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, உள்ளே அடைபட்ட காற்றையே வெயிலுக்குத் தடுப்பாக்கினார்கள்.

இத்தனை கனத்தைக் கடந்து வெயில் கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சரி, இறங்கிய சூடு எங்கே போகும்? இதற்கு விடை வைத்திருப்பவரைத்தான் நல்ல கொத்தனார் என்பேன். சுவரின் உச்சியில், மச்சை ஒட்டி, சிறு துவாரங்கள் சில வைத்திருப்பார். மேலெழும் சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறும். அந்த இடத்துக்கு முற்றத்துக் காற்று உள்ளே வரும்.

இதே வித்தையைப் பிரம்மாண்டமாகப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில், சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்கு மர உத்தரமும் இல்லை, இரும்பும் இல்லை, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், மாடம் வளையத் தொடங்கும் இடத்தில் சாளரங்கள் தெரியும். வெளிச்சம் வரும் வழியே சூட்டுக்கும் வாசல். சிதைந்துகிடந்த மகாலைப் பழுதுபார்க்கச் செய்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. அந்தப் புண்ணியத்தில்தான் நாம் அண்ணாந்து நிற்கிறோம்.

வளைவுக் கூரைக்கு உயரம்தான் சொத்து. சூடு தலைக்கு மேலே திரள இடமிருக்கும். திறப்பு இல்லாவிட்டால் அதுவே வினை.

இப்போது பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்வது, துவாரத்தை அடைத்து ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போடுவது. மொட்டை மாடியில் சிமென்ட் பூச்சு வேறு! சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அமுக்கிவைக்கும், கட்டையின் நுனி உளுக்கும். வெயிலைத் தடுப்பதென்றால் தளத்துக்கு வெளியே, மேல்பக்கத்தில் தடுக்க வேண்டும். தட்டோட்டின் விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, பங்குனியிலேயே வெள்ளையடித்துவிடலாம். துவாரத்தில் புறா நுழைந்தால் கம்பிவலை போதும்.