பூட்டு நம்மிடம், சாவி யாரிடம்?

தென்காசி வட்டாரத்தில் கணிப்பொறி இல்லாத சிறு அலுவலகத்தைக் காண்பது இன்று அரிது. பாவூர்ச்சத்திரத்துக் காய்கறி மண்டியில் வரவு செலவு எழுதுவது அதுதான். சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதியில் அறை ஒதுக்குவதும் அதுதான். செங்கோட்டை அச்சகத்தில் திருமண அழைப்பிதழுக்கு எழுத்துக் கோப்பதும் அதுவே. இவற்றுள் பத்தாண்டைக் கடந்த பொறிகள் பல உண்டு. விசிறி இரையும், விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்திருக்கும். ஆயினும் வேலை நடக்கிறது.

நடந்துகொண்டிருக்கும் ஒரு பொறியை "இதன் காலம் முடிந்துவிட்டது" என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? வாங்கியவருக்கா, விற்றவருக்கா? பழைய கணிப்பொறியை வைத்து நடக்கும் நூல்நிலையம், சங்கம், சிறு பள்ளி, அச்சகம் ஆகியவை மென்பொருள் உரிமங்களிடம் படும் பாட்டைப் புரிந்துகொள்ள இக்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாங்கியது பொருளா, அனுமதியா?

கணிப்பொறியில் இரு பகுதிகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். கையால் தொடக்கூடியது வன்பொருள்; அதை இயக்கும் கட்டளைகளின் தொகுப்பு மென்பொருள். வன்பொருளை நாம் மேசை நாற்காலி வாங்குவதுபோல் வாங்குகிறோம். பழுது பார்க்கலாம், விற்கலாம், பேரனுக்குக் கொடுக்கலாம். மென்பொருளிலோ பணம் கொடுத்து நாம் பெறுவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அதற்குத்தான் உரிமம் என்று பெயர். அதன் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் பல பக்கங்களுக்கு நீள்கின்றன. அடியில் உள்ள "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவோர் பலர், படிப்போர் சிலர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திர மாநில அரசுக்கும் இடையே நடந்த வழக்கில், வட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் "சரக்கு" என்றே கருதப்படும், அதற்கு விற்பனை வரி உண்டு என்று 2004-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி கட்டும்போது அது சரக்கு. வாங்கிய பின் வேறொரு பொறிக்கு மாற்றலாமா என்று கேட்டால், "இல்லை ஐயா, அது அனுமதிதான்" என்பது விடை!

புதிய கணிப்பொறியோடு சேர்ந்து வரும் இயக்க மென்பொருளின் உரிமம் பெரும்பாலும் அந்தப் பொறிக்கே உரியது. ஐப்பசி இடியில் பொறி கெட்டு, நீங்கள் வேறொன்று வாங்கினால், பழைய உரிமத்தை அதற்கு எடுத்துச் செல்ல இயலாது. வண்டி பழுதானால் ஓட்டுநர் உரிமமும் போயிற்று என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

நாள் குறித்து வந்த முடிவு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2015-இல் வெளிவந்த மென்பொருள் அது. ஆதரவு நின்றால் பொறி நின்றுவிடாது. மறுநாள் காலையிலும் அது இயங்கவே செய்யும். பின் இழப்பு எங்கே?

கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில, வெளியார் நுழையக்கூடிய ஓட்டைகள். ஓட்டை தெரிய வரும்போதெல்லாம் நிறுவனம் திருத்தம் அனுப்பி அடைக்கிறது. ஆதரவு நின்றபின் ஓட்டைகள் தொடர்ந்து வெளிப்படும், அடைப்பாரில்லை. 2017 மே மாதம் "வான்னாக்ரை" என்ற தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. திருத்தம் போடாதவர்களும், 2014-இலேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்.பி. போன்ற பழைய மென்பொருளை வைத்திருந்தவர்களும் திறந்த கதவோடு இருந்தார்கள்.

எனவே நிறுவனத்தின் எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. பழைய பதிப்புகளை என்றென்றும் பழுது பார்த்துக்கொண்டிருக்கப் பொறியாளர்களும் பணமும் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். குறை எங்கே என்றால், அது காட்டும் மாற்று வழியில்தான். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டல் செயலி என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை வேண்டும். அத்தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முந்திய பொறி எவ்வளவு நன்றாக ஓடினாலும் தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

"கூடுதல் காலம் வேண்டுமா? கட்டணம் கட்டுங்கள்" என்றது நிறுவனம். அமைப்புகளுக்கு ஒரு பொறிக்கு முதலாண்டில் 61 டாலர். அடுத்த ஆண்டு அது இரட்டிக்கும். மூன்றாம் ஆண்டு மறுபடியும் இரட்டிக்கும். 61, 122, 244 என்று கூட்டிப் பாருங்கள்: 427 டாலர். அதே காலத்தில் வீட்டில் பயன்படுத்துவோருக்கு ஓராண்டு நீட்டிப்பு 30 டாலர். சில நிபந்தனைகளோடு இலவசமாகவும் கிடைத்தது. தகுதி பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டுக் கட்டணம் ஒரே ஒரு டாலர். வீடும் அல்லாமல், பெரிய நிறுவனமும் அல்லாமல், கல்வி நிறுவனம் என்ற சான்றும் இல்லாமல் நடுவில் நிற்கும் நூல்நிலையமும் சங்கமும் எந்த வரிசையில் நிற்பது? பெரிய நிறுவனத்தின் வரிசையில்தான்! மூன்றாண்டுக் கட்டணத்தை ரூபாயில் கணக்கிட்டால் சாதாரணமான புதுக் கணிப்பொறி ஒன்றையே வாங்கிவிடலாம்.

தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டே என்று சிலர் கூறுவர். உண்டு. ஆனால் சலுகை என்பது கொடுப்பவர் விருப்பம். பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்குப் பத்துப் பேர் வரை இலவசமாக வழங்கிவந்த ஓர் அலுவலக மென்பொருள் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலை முதல் நிறுத்தத் தொடங்கியது. அதைவிட எளிய தொகுப்பும் விலைத் தள்ளுபடியும் மட்டுமே எஞ்சின.

தமிழ் எழுத்துக்கு இட்ட பூட்டு

இனி அச்சகத்துக்கு வருவோம். நம் ஊர்ச் சிறு அச்சகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் 7-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு மேல் பதிப்பே வரவில்லை. அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் 2013 முதல் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. ஒருமுறை பணம் கட்டி வாங்கிய காலம் போய், மாதந்தோறும் வாடகை கட்டும் காலம் வந்தது. சித்திரை, வைகாசியில் கைநிறைய வேலையும் ஆடியில் வெறுங்கையுமாக இருக்கும் அழைப்பிதழ் அச்சகத்துக்கு மாதச் சந்தா எப்படிப் பொருந்தும்?

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துருவில் உள்ளது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடு என்னும் பொதுக் குறியேற்றம் பரவுவதற்கு முன், ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண்களை ஒதுக்கியது. ஒரு நிறுவனம் "த" என்பதற்குக் கொடுத்த எண்ணை மற்றொன்று "மு" என்பதற்குக் கொடுத்திருக்கும். பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே கிடைக்கும். யூனிகோடும், 16-பிட் தமிழ்க் குறியேற்றமும்தான் இனித் தரம் என்று தமிழக அரசு 2010-இல் ஆணையிட்டது. ஆனால் அதற்கு முன் குவிந்த கோப்புகள் அப்படியே இருக்கின்றன.

அந்நாளைய தமிழ் மென்பொருள்கள் சிலவற்றுக்குப் பூட்டு ஒன்றும் உண்டு. கணிப்பொறியின் பின்புறத்தில் செருகும் விரலளவான சாதனம் அது, "டாங்கிள்" என்பார்கள். அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். பழைய அச்சுப்பொறித் துளையில் செருகும்படி அமைந்த பூட்டுக்குப் புதிய கணிப்பொறிகளில் துளையே இல்லை. நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவர், பூட்டுக்காகவே பழைய பொறியைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. யானையை விற்றவர் அங்குசத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டது போன்ற வியாபாரம் இது!

அந்தப் பொறியினுள் இருப்பவை வெறும் அழைப்பிதழ்கள் அல்ல, வாசகர்களே. பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா அறிக்கைகள், சங்கத்தின் பொன்விழா மலர், உள்ளூர்ப் புலவர் ஒருவர் கைக்காசு போட்டு அச்சிட்ட நூல் என ஓர் ஊரின் பல்லாண்டு எழுத்து அதில் உறங்கலாம். பொறி ஒருநாள் நின்றால் அவையும் போகும்.

குறுக்கு வழியும் அதன் விலையும்

"திருட்டுப் பிரதி போட்டால் முடிந்தது" என்பார் அடுத்த கடைக்காரர். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று அறிந்தே மென்பொருளைக் கணிப்பொறியில் பயன்படுத்துவது குற்றம். ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக நோக்கமில்லாப் பயன்பாட்டுக்கு நீதிமன்றம் சிறையின்றி அபராதத்தோடு விடலாம். சட்டம் ஒருபுறமிருக்க, உரிமப் பூட்டை உடைக்க வரும் நிரல்களோடு தீநிரலும் வந்து சேர்வது உண்டு. கதவை உடைக்க அழைத்தவன் வீட்டிலேயே தங்கிவிடுவான்.

அதே சட்டம் நமக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ உதவுமாறு காப்புப் பிரதி எடுத்துக்கொள்வது மீறல் ஆகாது என்கிறது 52-ஆம் பிரிவு. மூல வட்டுகள் பூஞ்சை பிடித்துப் போகுமுன் இவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கணவாய்க்கு அப்பால்

வேறு வழி உண்டா? செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளம். அம்மாநிலப் பள்ளிகள் இருபது ஆண்டுகளாகவே விலையுயர்ந்த உரிமங்களை விட்டு, லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவந்தன. 2019-இல் அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கான புதிய லினக்ஸ் பதிப்பு வெளியாயிற்று. கட்டற்ற மென்பொருளை எத்தனை பொறிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம்; நகல் எடுத்து அண்டை நூல்நிலையத்துக்கும் கொடுக்கலாம். அதற்கும் உரிமம் உண்டு. ஆனால் அவ்வுரிமம் தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று, பகிர்வதற்காக எழுதப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வகையே.

இந்தப் பக்கமும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. அங்கிருந்து உலகுக்கே மென்பொருள் போகிறது. அதன் பொருள்களில் பெரும்பாலானவை இணைய உலாவி வழியே இயங்குவதால் பழைய பொறியிலும் ஓடக்கூடும். ஆனால் இங்கும் விழிப்பு வேண்டும். அதுவும் சந்தா முறையே; ஆவணம் இருப்பது வேறிடத்தில். உலாவிக்கும் வயதாகும்: 2023 தொடக்கத்தில் குரோம் உலாவி விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது நினைவிருக்கலாம்.

கட்டற்ற மென்பொருளும் காமதேனு அன்று. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் லினக்ஸ் 13-ஐ மிகப் பழைய 32-பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவ இயலாது. சில கைரேகைக் கருவிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் லினக்ஸில் இயக்கு நிரல் கிடைப்பதில்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இவற்றை மறைத்து "எல்லாம் இலவசம்" என்று முழங்குவோர் நன்மை செய்பவர்கள் ஆகார்.

என்ன செய்யலாம்?

மென்பொருளை மாற்றுவது இரண்டாவது வேலை. ஆவணங்களை விடுவிப்பதே முதல் வேலை. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2015-இல் வந்த 4.4 பதிப்பு முதல் லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற தொகுப்பு பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்கிறது. பக்க அமைப்பு சற்றுக் கலையலாம், எழுத்து மீளும். மீட்டதை 2006 முதல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தில் சேமியுங்கள். அதைத் திறக்க எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை.

இணையம் தேவைப்படாத பழைய பொறியை வலையிலிருந்து கழற்றித் தனியே வைத்துக்கொள்ளலாம். இணையத்துக்குப் போகும் பொறி ஆதரவுள்ள மென்பொருளோடுதான் போக வேண்டும். இனி எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆதரவு எந்நாள் வரை? பொறி மாறினால் உரிமம் தொடருமா? சந்தா நின்றால் என் ஆவணம் எனக்குக் கிடைக்குமா?

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. 2012 டிசம்பரில் அடோபி தன் பழைய தொகுப்பு ஒன்றின் உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையை நிறுத்தியபோது, முன்பு வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத பிரதியையும் அதற்கான எண்ணையும் வெளியிட்டது. ஒரு நிறுவனம் ஒருமுறை செய்தது, எல்லா நிறுவனங்களுக்கும் எப்போதும் கடமையாக வேண்டும். விற்பதை நிறுத்துபவர் பூட்டைத் திறந்துவிட்டுப் போகட்டும். அரசு தன் கொள்முதல் ஒப்பந்தங்களில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தாலே பாதி வழி கடந்த மாதிரி.

அதுவரை காத்திருக்கப் பழைய பொறிகளால் இயலாது. உங்கள் ஊர் அச்சகத்திலோ சங்கத்திலோ அப்படி ஒன்று இருந்தால், இந்த மாதமே அதிலுள்ள ஒரு மலரை, ஒரு நூலை யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். எவ்வளவு மீள்கிறது, எங்கே சிக்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.