நினைவாற்றலும் மூக்குத் துளையும்

யோகம் பயின்றால் மாணவர்தம் நினைவாற்றல் பெருகும், இது விஞ்ஞானம் கண்ட உண்மை என்று பள்ளி விழா மேடைகளிலே முழங்குகின்றனர். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். அங்கேதான் வாதம் தொடங்குகிறது என்பது நமது எண்ணம். யார் ஆய்ந்தார்? எத்தனை பிள்ளைகளிடம்? எத்தனை நாள்? எதனோடு ஒப்பிட்டார்? கேட்டோம், ஆய்வேடுகளைத் தேடிப் புரட்டினோம். படிக்காமலே பழிப்பதும் படிக்காமலே பணிவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். ஆதலின், படித்த பின்னரே எழுதுகிறோம்.

1997ஆம் ஆண்டு வெளிவந்த பெங்களூர் ஆய்வுதான் மேடைகளுக்குப் பெரிதும் பிடித்தமானது. 10 முதல் 17 வயது வரையுள்ள 108 மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வலப்பக்க மூக்குத் துளையால் மட்டும் மூச்சுவிட்டது. மற்றொன்று இடப்பக்கத் துளையால். மூன்றாவது குழு இரண்டையும் மாற்றி மாற்றி. நான்காவது குழுவோ மூக்கைத் தொடவேயில்லை. தன் மூச்சைத் தானே கவனித்தவாறு இருந்தது, அவ்வளவே! பயிற்சி பெறாத 27 பிள்ளைகள் ஒப்பீட்டுக்கென நிறுத்தப்பட்டனர். பத்து நாள் கழிந்தது. பயிற்சி பெற்றோரிடம் வடிவங்களை நினைவிற்கொள்ளும் தேர்வின் மதிப்பெண் சராசரியாக 84 விழுக்காடு உயர்ந்தது. மற்றவரிடம் உயரவில்லை.

இந்த 84ஐ மேடை சொல்கிறது. மேடை சொல்லாததை நாம் சொல்வோம்.

சொற்களை நினைவிற்கொள்ளும் ஆற்றலில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. வரலாறும் இலக்கணமும் சொல்லால் ஆனவை. தேர்வுத்தாளும் சொல்லால் ஆனதே. ஆகவே, மகன் முதல் வகுப்பில் தேறுவான் என்று நம்பி முகாமுக்குப் பணம் கட்டும் தந்தைக்கு, இந்த ஆய்வு எந்த உறுதியும் தரவில்லை.

அதனினும் சுவையானது மற்றொன்று. இடகலை என்றும் பிங்கலை என்றும் நாடிகள் ஓடுவதாகப் பழைய நூல்கள் பகரும். புதுக்காலத்துப் பூசாரிகள் அதற்கு மூளையின் பெயரால் முலாம் பூசினர்: வலத்துளை மூச்சு இடப்பாதி மூளையைத் தட்டி எழுப்பிச் சொல்லாற்றலை வளர்க்குமாம்; இடத்துளை மூச்சு வலப்பாதியை எழுப்பி வடிவ நினைவை வளர்க்குமாம். அங்ஙனமாயின், இடத்துளைப் பிள்ளைகள் வடிவத் தேர்விலும் வலத்துளைப் பிள்ளைகள் சொல் தேர்விலும் முந்தியிருக்க வேண்டுமன்றோ? முந்தவில்லை. நான்கு குழுவும் வடிவத் தேர்விலேயே உயர்ந்தன; துளையை அடைக்காதவரும் உயர்ந்தனர். யோகத்துக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்பட்ட ஆய்வே, நாடிக் கோட்பாட்டின் நாடியைப் பிடித்துப் பார்த்து, துடிப்பில்லை என்று சொல்லிவிட்டது! ஆய்ந்தவர்கள் இதை மறைக்கவில்லை, தலைப்பிலேயே எழுதினர். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். மறைத்தது மேடைதான்.

2004இல் வந்த ஆய்வு ஒருபடி மேலானது. முகாமுக்குச் செல்லும் உற்சாகமே மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைப் போக்க, 30 பிள்ளைகள் யோக முகாமிலும் 30 பிள்ளைகள் கலை முகாமிலும் சேர்க்கப்பட்டனர். மேலும் 30 பேர் எம்முகாமும் செல்லாதவர். யோகக் குழு மட்டும் 43 விழுக்காடு உயர்வு காட்டிற்று; அதுவும் வடிவ நினைவிலேதான். குழுவுக்கு முப்பதே பேர், பத்தே நாள். பதினோராம் நாள் என்ன, ஆறாம் திங்கள் என்ன என்பதற்கு அதில் விடையில்லை. விழுக்காட்டுக் கணக்கில் ஒரு மயக்கமும் உண்டு: மூன்று படத்தை நினைவில் வைத்த பிள்ளை நான்கை வைத்தால், அதுவே 33 விழுக்காடு!

சரி, யோகத்தை ஓட்டத்தோடும் உடற்பயிற்சியோடும் நிறுத்தி அளந்தால்? 2013இல் அரித்துவாரத்து ஆய்வு அதைச் செய்தது. 8 முதல் 13 வயதுள்ள 98 பிள்ளைகள். பாதிப்பேர்க்கு யோகம், பாதிப்பேர்க்கு உடற்பயிற்சி. நாளுக்கு 45 நிமிடம், வாரம் ஐந்து நாள், மூன்று திங்கள். கவனத்தை அளக்கும் தேர்வில் இரு சாராரும் முன்னேறினர். பிறரோடு பழகுவதில் தன்மதிப்பு மிகுந்தது உடற்பயிற்சிப் பிள்ளைகளிடமே. இம்மூன்றும் யோகத்தைப் பரப்பும் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கூடங்களிலே பிறந்தவை என்பதை நினைவிற்கொள்க. தம் வீட்டுத் தராசிலேயே தட்டு இவ்வளவுதான் தாழ்ந்தது!

அரசினர் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பிள்ளையிடமிருந்து பந்தைப் பறித்துவிட்டு, கண்ணை மூடி உட்கார் என்பது என்ன நியாயம்? காலை உணவின்றி வந்த பிள்ளையிடம், மூச்சை இழு, பாடம் பதியும் என்பது எத்தகைய இரக்கம்? இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் கவனம் சிதறும் என்பது மருத்துவர் அறிந்தது. அதற்கு மருந்து சோறும் கீரையும் மாத்திரையும்.

தோப்புக்கரணமும் இன்று 'சூப்பர் பிரெய்ன் யோகா'வாகப் பட்டம் சூட்டிக்கொண்டது. 2005இல் அதற்கென ஆங்கில நூலே வந்தது. அது மெய்யாயின், வாத்தியாரிடம் நாள்தோறும் நூறு போட்ட கடைசி பெஞ்சுக்காரர்கள் இந்நேரம் ஐன்ஸ்டீன்களாகி இருக்க வேண்டும்.

நினைவை வளர்க்கும் எளிய வழியொன்று உண்டு. பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பதைவிட, படித்தபின் ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் பதியும். 2006இல் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் நடந்த ஆய்வில், ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர் 56 விழுக்காடும், மீண்டும் படித்தவர் 42 விழுக்காடும் நினைவு கூர்ந்தனர். இந்தப் பழக்கத்தையும் மூச்சுப் பயிற்சியையும் நமது பள்ளியொன்றில் அருகருகே நிறுத்தி, ஆறு திங்கள் அளந்து காட்டட்டும். அந்த ஏட்டையும் வாங்கிப் படிப்போம்.