ஊக்கமருந்தும் உரிமை வாதமும்

தொழில்முறை விளையாட்டில் ஊக்கமருந்தை அனுமதித்தல் வேண்டும் என்போர்க்கு வலுவான சான்றுகள், தடையினால் விளைந்த தவறுகளே. இலங்கைத் துடுப்பாட்டக்காரர் குசல் பெரேரா 2015 டிசெம்பரில் இடைநிறுத்தப்பட்டார். 2016 மே மாதத்தில் கத்தார் ஆய்வுகூடம் தன் முடிவையே மீளப்பெற, குற்றச்சாட்டு நீங்கிற்று. அதற்குள் இருபது ஓவர் உலகக் கிண்ணம் முடிந்துவிட்டது. இழந்த ஆட்டங்களை எவர் மீட்டளிப்பார்?

உபுல் தரங்கவின் வழக்கு வேறு. 2011 உலகக் கிண்ண அரையிறுதியிற் பெற்ற மாதிரியில் பிரெட்னிசோலோன் காணப்பட்டது. தோள்நோவுக்கு உட்கொண்ட மூலிகை மருந்தே காரணம் என்றார். ஆற்றல் பெருக்கும் நோக்கம் இல்லையென நடுவர் மன்றமும் ஏற்றது. எனினும் மூன்று மாதத் தடை விதித்தது. நாட்டு வைத்தியம் வீட்டுக்கு வீடு வழங்கும் இலங்கையில் இஃது எவர்க்கும் நேரக்கூடியதே.

ஆயின் இவை தடையைத் திருத்துதற்குக் காரணங்களாகுமேயன்றி, நீக்குதற்குக் காரணங்களாகா. ஒருவன் மருந்துண்டு வெல்வானாயின், அவனோடு போட்டியிடுவோன் உண்ணாதிருத்தல் இயலாது. உரிமை எனப்படுவது அங்கே கட்டாயமாகிறது. கல்முனைக்குடிக் கடற்கரையிற் பந்தாடும் சிறுவன், நாளை தேசிய அணியை நாடுங்கால், ஈரலையும் இதயத்தையும் பணயம் வைத்தல் வேண்டும்.

மருத்துவர் மேற்பார்வை போதும் என்பர். கிழக்கு ஜெர்மனியில் அம்மேற்பார்வை இருந்தது. அங்கே இளம்பெண்களுக்கு ஆண் ஓமோன் மாத்திரை ஊட்டப்பட்டமைக்காக, விளையாட்டுத் தலைவர் ஏவால்டும் மருத்துவர் ஹெப்னரும் 2000 ஆம் ஆண்டில் பேர்லினிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.