திறந்த படகுக்கு எந்த ஜிபிஎஸ்?

ஃபைபர் படகிலும் வள்ளத்திலும் தொழிலுக்குப் போகிறவர்கள் கையடக்க ஜிபிஎஸ் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: விலை என்ன, பக்கத்துப் படகில் எது இருக்கிறது. கடலில் அந்தக் கருவி எப்படிப் பயன்படப்போகிறது என்பதை யாரும் கடையில் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

கருவியின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. கரையில் தெரியும் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்வைத்து, மீன் சேரும் கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடித்த முறை, கரை மறைந்ததும் இருட்டியதும் கைவிட்டுவிடும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, அதன்பின் பத்து இருபது மீட்டருக்குள் வந்தது. சிறிய பாரில்கூட நேரே போய் நிற்க முடிவதால் தேடி அலையும் எரிபொருள் மிச்சம். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனம் மீன்வளப் பகுதிகளை அட்சரேகை, தீர்க்கரேகையோடு அறிவிக்கிறது. அந்த எண்களுக்குப் படகில் ஒரு பயன் கிடைப்பதும் இந்தக் கருவியால்தான்.

எனவே வாங்கலாமா என்பதல்ல, எதை வாங்குவது என்பதே கேள்வி. உப்புநீர் தெறிக்கும் படகில் ஈரக்கைக்குத் தொடுதிரை சரியாகக் கேட்பதில்லை. பொத்தான் வைத்த கருவியே நல்லது. கார்மின் ஜிபிஎஸ்மேப் 78 தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். அதே நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 10 நீர் புகாதது, விலையும் குறைவு, ஆனால் மூழ்கிவிடும். அதை வாங்கினால் கயிறு கட்டியே வைக்க வேண்டும். இரண்டும் இரண்டு பென்சில் பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடுகின்றன. மாற்று பேட்டரி கரையோரப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். செல்போனில் டவர் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதன் பேட்டரியும் திரையும் கடலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பிப் போகக் கூடாது.

எந்தக் கருவிக்கும் குறைகள் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு வலையோடு கிடக்கும்போது, தனியாக மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவியின் அம்புக்குறி பொருளின்றிச் சுழலும். படகு நகர்ந்தால்தான் அதற்குத் திசை தெரியும். இது தெரியாமல் கருவி கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் உண்டு.

ஆபத்து அதிகம் உள்ள இடம் எல்லைக்கோடு. 1974ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதியின் எல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. அவை பாகையிலும், தசமத்தோடு கூடிய நிமிடத்திலும் தரப்பட்டுள்ளன. கருவி வேறு அமைப்பில் இருந்தால் எண் மாறிவிடும். 40.50 நிமிடம் என்பது 40 நிமிடம் 30 விநாடி. அதை 40 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றிவிட்டால் அட்சரேகையில் 600 மீட்டருக்கு மேல் பிசகு. எல்லை தாண்டினால் கைது நடக்கும் கடலில் அது சின்ன தூரமல்ல. பல கருவிகளில் உள்ள எச்சரிக்கை மணியோ ஒரு புள்ளியைச் சுற்றிய வட்டத்துக்குத்தான் அடிக்கும், கோட்டுக்கு அடிக்காது. ஒப்பந்தத்தின் இரண்டாம், மூன்றாம் புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 20 கடல் மைல். நடுவில் எங்கே தாண்டினாலும் மணி ஒலிக்காது. ஆறு புள்ளிகளையும் ஒரே பாதையாக இணைத்துத் திரையில் கோடாகத் தெரியவைத்து, அதற்கு முன்பே திரும்புவதுதான் வழி. விற்கிறவர்களும் மானியத்தில் தருகிறவர்களும் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

இன்னொரு குறை மெதுவாக வருவது. பாரின் பாயிண்ட், அதாவது அது இருக்கும் இடம், இப்போது வெறும் எண். கை மாறினால் ஒரே நாளில் பத்துப் படகு அங்கே நிற்கும், பார் தாங்காது. பாயிண்டுக்குப் போகச் சொன்னால் கருவி நேர்கோடு போடுமே தவிர, குறுக்கே திட்டு இருப்பது அதற்குத் தெரியாது. நீரோட்டத்தையும் அடியாழத்தையும் படித்த மூத்தவரின் அறிவு படகில் இருக்கும்வரைதான் அந்தக் கோடு பாதுகாப்பானது. அந்த அறிவை இளையவர்கள் கேட்டு வாங்காமல் போவது எனக்குக் கவலை தருகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நமக்கு மட்டும் சொல்லும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருந்தது. ஆனாலும் புயல் வருவதை அது அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்கள் இருக்குமிடத்தைக் கரைக்கும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு இஸ்ரோ உருவாக்கிய அபாய ஒலிபரப்பி இருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் அபாயச் செய்தி போய்ச் சேர்ந்ததற்குப் பதிலும் வரும். ஜிபிஎஸ் வாங்கப் பணம் சேர்க்கிற குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்: விலை உயர்ந்த வரைபடக் கருவியை விடுங்கள். மிதக்கும், பொத்தான் வைத்த எளிய கருவி ஒன்றை வாங்குங்கள். மிச்சப் பணத்தை அபாய ஒலிபரப்பிக்கு வையுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், ஒலிபரப்பியை முதலில் வாங்குங்கள்.