தானாக மாசடையும் ஆறு

நம் அறிவியல் பாடநூல்களை யாரும் உரைநடையாக வாசிப்பதில்லை. மார்க்குக்காகத்தான் என்றாலும், ஒரு தலைமுறையே வரிவரியாகப் படிக்கும் தமிழ் அதுதானே? விமர்சனத்துக்கு அதைவிட முக்கியமான பிரதி வேறென்ன இருக்கிறது?

சூழலியல் பாடத்தின் வினைச்சொற்களைப் பாருங்கள். நீர் மாசடைகிறது. காடு அழிகிறது. வாழிடம் சுருங்குகிறது. எல்லாம் தன்வினை. மாசாக்குகிறவர், அழிக்கிறவர், சுருக்குகிறவர் எவரும் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. ஆறு தானாக ஒருநாள் காலையில் எழுந்து மாசடைந்துவிட்ட மாதிரி.

இதை ஓசூரில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, எல்லை தாண்டி கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றன. மதகு திறந்தால் சோப்புத்தூள் கலந்த தண்ணீர் விழுந்து அடிபட்டு, பனிமலை போல நுரை எழும்புகிறது. பாடத்தில் இதற்கு நல்ல சொல்லே இருக்கிறது: மிகையூட்டம். சாக்கடையிலும் சோப்பிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன. அவை மண்டி, செத்து, அழுகும்போது பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. சாப்பாடு அதிகமாகியே ஒரு நீர்நிலை சாகும் கதை இது. இவ்வளவு பொருள் பொதிந்த சொல்லை இரண்டு மார்க் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

மாநிலம் முழுக்கப் படிக்கும் புத்தகத்தில் ஓசூரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். சரி, சேர்க்க வேண்டாம். ஆனால் பிறவினைக்கு ஊர் தேவையில்லையே.

வேடிக்கை என்னவென்றால், செய்தித்தாளைத் திருப்பினால் இலக்கணம் தலைகீழாகிவிடுகிறது. ராகி விளையும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக, சில வருடங்களில் சானமாவு வரைக்கும் யானைகள் வருகின்றன. உடனே 'யானைகள் அட்டகாசம்' என்று தலைப்பு. ஆலைக்கும் லேஅவுட்டுக்கும் கிடைக்காத செய்வினை யானைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது! ராகியை இழந்த விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே சாலையும் மனையும் போட்டவர்கள் அந்தச் செய்தியிலும் இல்லை.

தமிழால் இது முடியாததல்ல. தியடோர் பாஸ்கரன் ஒரு நூலுக்கு 'சோலை எனும் வாழிடம்' என்று பெயர் வைத்தார். வரையறையே இல்லாமல் வாழிடம் என்ற கருத்து அந்தத் தலைப்பிலேயே புரிந்துவிடுகிறது, ஏனென்றால் சொல் ஒரு இடத்தில் கால் ஊன்றி நிற்கிறது. பாடநூல் ஆசிரியர்கள் அவரைப் பாடமாக வைப்பதைவிட அவரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

தமிழ்த் தாளில் 'பிறவினையாக மாற்றுக' என்று ஒரு கேள்வி வருமே. 'ஆறு மாசடைந்தது' என்பதை ஓசூர்ப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.