பொஞ்சாதிக் கேள்வியும் நிஸா 171உம்

கிறிஸ்தவர்களோடு நாம் நடத்தும் தர்க்கங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. “அல்லாஹ்வுக்குப் பொஞ்சாதி இருக்கா, புள்ள பொறக்க?” சபை சிரிக்கும். விவாதம் முடிஞ்சி போச்சு எண்டு நாமளும் எழும்பி வந்திடுவோம். இந்தக் கேள்வி எதிரே இருக்கும் கிறிஸ்தவரைத் தொடுவதே இல்லை என்பதுதான் எனது விமர்சனம்.

துணைவி இல்லாதவனுக்குப் பிள்ளை எப்படி என்ற வாதம் அல்அன்ஆம் 101ஆம் வசனத்தில் இருக்கிறது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் முந்திய வசனம், இறைவனுக்கு ஆண்மக்களையும் பெண்மக்களையும் கற்பித்தவர்களைப் பற்றியது. வானவர்களை அல்லாஹ்வின் புதல்விகள் என்ற மக்கத்து முஷ்ரிக்குகளுக்கு அது நெஞ்சில் தைத்திருக்கும். பாதிரியாரோ “நாங்களும் அப்படிச் சொல்லல்லையே” என்பார். அது உண்மையும்கூட.

வேதக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் நிஸா 171ஐ எடுத்துப் பாருங்கள். அங்கே மனைவி என்ற பேச்சே கிடையாது. வானங்களிலும் பூமியிலும் உள்ளவை எல்லாம் அவனுக்கே உரியவை என்பதுதான் அங்குள்ள வாதம். அடுத்த வசனம், அல்லாஹ்வுக்கு அடிமையாக இருப்பதை மஸீஹ் ஒருபோதும் இழிவாகக் கருதமாட்டார் என்கிறது. ஆக, பிரச்சினை பிறந்த விதமல்ல. ஈஸா (அலை) அடிமையா இல்லையா என்பதே.

சில கிறிஸ்தவ நண்பர்கள், “மகன் என்பது சும்மா உவமைதான்” என்று சமாதானம் சொல்வார்கள். உவமைக்கு அறபியில் இடமுண்டுதான். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் ஒருவரான ‘இப்னுஸ் ஸபீல்’ பாதைக்குப் பிறந்தவரல்ல, வழிப்போக்கர். ‘வலத்’ அப்படியல்ல, அது பெற்றெடுப்பதைக் குறிக்கும் சொல், நாம் ஓதும் மவ்லிதும் அதே வேரில் வந்தது. தவ்பா 30இல் கிறிஸ்தவர்களின் கூற்றாக வருவது ‘இப்னு’. நிஸா 171 மறுப்பது ‘வலத்’. தமிழில் பிள்ளை, மகன் என்று கேட்கும்போது இந்த வித்தியாசம் நம் காதுக்குத் தெரிவதில்லை.

ஆனால் உவமை என்ற சமாதானத்தை அவர்களுடைய திருச்சபையே ஏற்காது. மகன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் சொன்னார். 325இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளினார்கள். மகன் பிறந்தவர், படைக்கப்பட்டவரல்லர், தந்தையோடு ஒரே உள்ளமை கொண்டவர் என்று தீர்மானித்தார்கள். ஆலஇம்ரான் 59 இதற்கு நேரெதிர்: ஆதத்தைப் போலவே ஈஸாவும் ‘ஆகு’ என்ற கட்டளையால் ஆனவர். இரண்டு மார்க்கமும் உண்மையில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நமது மேடைகள் இந்த இடத்துக்கு வருவதேயில்லை.

இன்னொன்று. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், இறை உள்ளமை பெறுவதுமில்லை, பெறப்படுவதுமில்லை என்று எழுதி வைத்தது. குல்ஹுவல்லாஹு ஓதி வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பெறுபவர் தந்தை, பெறப்படுபவர் மகன் என்று அதே கூற்று தொடர்கிறது. உள்ளமை ஒன்றேயென்றால், பெறாத அந்த ஒன்றுக்குள் பெற்றவரும் பிறந்தவரும் எப்படி வந்தார்கள்?

பாதிரியாரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். இதற்கு அவரிடம் பதில் இருக்கும், அது நீளமாகவும் இருக்கும். அதை உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு நம் மத்ரஸா மாணவர்கள் நைசியா பிரமாணத்தை வாசித்திருக்க வேண்டும். அது ஒரு பக்கம்கூட வராது.